முடிவைச் சொல்லாத சங்கம்

அறிவியல் புனைகதை படிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புத்தகங்களின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவை பாட்டுக்கு அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றுகூடி, அவற்றையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டதாக ஒருவருக்கொருவர் அளந்துகொள்கிற ஆட்களைத்தான் சொல்கிறேன்.

இவர்களை என் வாழ்க்கைக்குள் கொண்டுவந்தவர் என் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கணவர் இறந்த பிறகு நான் காக்ஸ் டவுனில் எங்கள் பெற்றோர் வாழ்ந்த வீட்டுக்கே திரும்பி வந்து அண்ணனோடு இருந்துவிட்டேன். நான் கணக்கு டீச்சர். வீட்டின் ஒரு பக்கம் என் பரீட்சைத் தாள்கள், மறுபக்கம் அவருடைய விண்கப்பல்கள். ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டால், "நீ பாஸ் மார்க் போட்டுடு பாப்பா, அது போதும்" என்பார். எனக்கு ஐம்பது தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அண்ணனுக்கு நான் கடைசிவரை பாப்பாதான்.

ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, இட்லி சாப்பிட்டு, இஸ்திரி போட்ட வேறொரு சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் தொம்மலூருக்குக் கிளம்புவார். அங்கே ஒரு காபிக் கடையின் மாடியில்தான் சங்கம் கூடும். முழங்கால் வலியால் அவரால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாமல் போன பிறகு நான்தான் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி கூப்பிடப் போவது தண்ட அலைச்சல் என்று, பக்கத்து மேசையில் உட்கார்ந்து தாள் திருத்துவேன். அப்படித்தான் இவர்கள் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அதில் மூன்று பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் தலைவர்போல நடந்துகொள்வார். மைசூர்ப் பக்கத்துக்காரர், ஏதோ மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி, நரைத்த முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பார். நான் மனதுக்குள் அவருக்குக் குடுமி என்று பெயர் வைத்தேன். இரண்டாவது, புத்தகங்களைப் பற்றிப் பாட்காஸ்ட் நடத்துகிற ஒரு பெண்மணி. காபி கேட்கும்போதுகூட எதிரில் மைக் இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மூன்றாவது, நாற்பது வயதிலும் ராக்கெட் படம் போட்ட டீ-ஷர்ட் தவிர வேறெதையும் போடாத ஒருவர்.

புதிதாக யாராவது வந்தால் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஃபேவரிட் ஆத்தர் யாரு?" சாதாரணக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பெயரைச் சொன்னால், "ஓ, எல்லாரும் அங்கேதான் ஸ்டார்ட் பண்ணுவாங்க" என்று பாட்காஸ்ட் அம்மாள் பரிதாபமாகச் சிரிப்பார். கொஞ்சம் அரிதான பெயரைச் சொன்னால், "அவரோட ஆரம்ப கால நாவல் படிச்சிருக்கீங்களா? பிற்பாடு நீர்த்துப் போயிட்டார்" என்பார் குடுமி. யாருக்குமே தெரியாத பெயரைச் சொன்னால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மெதுவாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஆட்டுகிற தலை அது.

ஒருமுறை அண்ணன், பள்ளிக்கூட நாட்களில் ஒரு தமிழ் மாத இதழில் படித்த செவ்வாய்க் கிரகக் கதையைச் சொன்னார். மனுஷன் ரசித்துச் சொன்னார். கேட்டு முடித்ததும், "ஸோ க்யூட், சார்! தமிழ்லகூட எஸ்.எஃப். இருக்கா?" என்றார் பாட்காஸ்ட் அம்மாள். அவர் வேலூர்க்காரர். அம்மாவிடம் போனில் பேசுவது தமிழில்தான். அண்ணன் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு ஞாயிறு, செவ்வாயில் தண்ணீர் எப்படி எடுப்பது என்று பேசிப் பேசி மாய்ந்தார்கள். கீழே தண்ணீர் லாரி வந்து, போக வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. ஒருவரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வழியை மறித்து நின்றது குடுமியின் கார். ஒரு தொடரைக் கதை நடக்கும் வரிசையில் படிப்பதா, புத்தகம் வெளியான வரிசையில் படிப்பதா என்று இவர்களுக்குள் ஒரு சண்டை மூண்டு, சில வாரங்கள் இரண்டு கட்சியாக இரண்டு மேசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் கிடந்து பாலம் போட்டவர் அண்ணன். "பெரிய மனுஷங்க பண்ற வேலையா இது?" என்று ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன். "பாப்பா, உலகத்துல என்னோட இதைப் பேச வேற யாரு இருக்கா?" என்றார்.

இந்தச் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கதையின் முடிவைச் சொல்லக் கூடாது. அதைப் போட்டவரே அண்ணன்தான். யாரோ ஒரு ஞாயிறு வாய் தவறி ஒரு கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிட, அடுத்த வாரம் அண்ணன் சிவாஜிநகர் சந்தைக்குப் போய் ஒரு மணி வாங்கி வந்தார். லாட்ஜ் வரவேற்பு மேசையில் இருக்குமே, உச்சியில் தட்டினால் டிங் என்று அடிக்கும், அந்த மணி. யாராவது முடிவுப் பக்கம் நெருங்கினால் பக்கத்தில் இருப்பவர் தட்ட வேண்டும். தட்டிவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நாளடைவில் பாதி ஞாயிறு டிங் டிங் என்றே போயிற்று. ஒரு நாவலைப் பற்றி நாலு கேள்வி ஆழமாகக் கேட்டால் போதும், உடனே யாராவது மணியைத் தட்டிவிடுவார்கள். முடிவைக் காப்பாற்றுகிறார்களாம்.

அண்ணனின் உயிர் ஒரு தொடரில் இருந்தது. ஏழு பாகம். பூமியிலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது. போகிற இடம் தொலைதூரத்தில். ஏறியவர்கள் போய்ச் சேரமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் சேரமாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் ஒருவேளை சேரலாம். இவ்வளவுதான் கதை. இதைப் போய் ஒருவன் ஏழு பாகம் எழுதுவானா? எழுதினான். அதுவும் ஒவ்வொரு பாகத்துக்கும் வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு. அண்ணன் வேலையில் இருந்தபோது முதல் பாகம் வாங்கினார். ஆறாம் பாகம் முடித்தபோது ஓய்வுபெற்று நெடுநாளாகியிருந்தது. கப்பல் அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஏழாம் பாகம் சென்ற வருஷம் தவக்காலத்தில் வந்து சேர்ந்தது. அங்கேதான் வந்தது வினை. தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை விடுவார்கள், சிகரெட்டை விடுவார்கள். அண்ணனிடம் விடுவதற்கு அப்படிப்பட்ட கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அதனால் வருஷாவருஷம் நாவலை விடுவார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை ஒரு பக்கம் புரட்ட மாட்டார். கூரியரில் வந்த பார்சலைப் பிரிக்காமல் மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்த்துக்கொள்வார். "பிரிச்சுப் படிங்களேன், ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்" என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. அதற்குள் சங்கத்தில் எல்லோரும் படித்து முடித்துவிட்டார்கள். காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தத் தடிப் புத்தகத்தை வைத்து எடுத்த படங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வந்தன. குடுமி, தன் வாழ்நாளின் தலைசிறந்த பத்து நாவல்களில் அதை முதலிடத்தில் வைத்தார். இரண்டு தரம் படித்துவிட்டாராம். பாட்காஸ்ட் அம்மாள் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி வெளியிட்டார், முடிவைச் சொல்லாமல்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, அண்ணன் பார்சலைப் பிரித்தார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோதும் முதல் பக்கத்திலேயே இருந்தார். "என்னண்ணா, பிடிக்கலையா?" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இது இங்கிலீஷ்தானே?"

எழுத்துகள் தெரிந்தன. அவை வார்த்தையாகச் சேரவில்லை. மூளைக்குள் ஒரு கட்டி, படிக்கிற இடத்தை அழுத்துகிறது என்று டாக்டர் படம் காட்டி விளக்கினார். அறுவை செய்வதில் பயனில்லை, நாட்கள் குறைவு என்பதை வராந்தாவில் என்னிடம் தனியாகச் சொன்னார். அண்ணனுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரைபடம் பார்த்தே வாழ்ந்தவர், அந்தப் படத்தையும் சரியாகவே பார்த்திருந்தார்.

படித்துக் காட்டினேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். விழித்ததும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். ஒலிப் புத்தகம் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே. தொள்ளாயிரம் பக்கப் புத்தகம் இந்தக் கணக்கில் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்த பிறகு ஒரு காலை, தெளிவாக இருந்தபோது சொன்னார்.

"எனக்கு முழுக்கதை வேணாம் பாப்பா. கப்பல் போய்ச் சேர்ந்துதா, இல்லையா? அது தெரிஞ்சா போதும்."

"இதுக்கென்ன, நெட்ல பார்த்து இப்பவே சொல்றேன்" என்று போனை எடுத்தேன்.

"வேணாம், வேணாம். எவனோ நாலு வரியில எழுதிப் போட்டிருப்பான். கூடவே வந்தவங்க சொல்லணும். ஆறு பாகமும் என்னோட படிச்சவங்க இருக்காங்களே, அவங்களை வரச் சொல்லு."

நான் குடுமிக்குப் போன் செய்தேன். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன்: நாள் அதிகமில்லை, முடிவைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார், வந்து சொல்லுங்கள். "கண்டிப்பா மேடம், சாருக்கு இல்லாததா?" என்றார். அண்ணன் அன்று முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார்.

மூன்று பேரும் பூங்கொத்தோடு வந்தார்கள். பாட்காஸ்ட் அம்மாள் கைப்பையிலிருந்து அந்த மணியையும் எடுத்துக் கட்டிலருகே வைத்தார். "சார் இல்லாம இது அங்கே எதுக்கு?" என்றார். அண்ணனுக்கு அதில் சந்தோஷம்தான். நலம் விசாரித்தார்கள். பிறகு அண்ணன் கேட்டார், "அப்புறம் சொல்லுங்க. கப்பல் போய்ச் சேர்ந்துதா?"

குடுமி சிரித்துக்கொண்டே கை நீட்டி மணியைத் தட்டினார். டிங்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். நோயாளிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஒரு நர்ஸ் ஓடி வந்தார். அந்த மணிச் சத்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த ஆள் கையை அங்கேயே முறித்திருக்க வேண்டும்.

அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். "விளையாட்டு இல்ல. நிஜமாவே கேக்கறேன்."

"பேடா சார், பேடா" என்று கன்னடத்தில் மறுத்துக் குடுமி தலையை ஆட்டினார். "நீங்களே போட்ட ரூல். நாங்க மீறலாமா? நீங்க எழுந்து வந்து படிப்பீங்க. அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்னொருத்தர் வாயால கேட்டா பாவம் சார்."

"பயணம்தான் சார் முக்கியம்" என்றார் பாட்காஸ்ட் அம்மாள், தாழ்ந்த குரலில். "முடிவு இல்ல."

"நான் போட்ட ரூல்தானே? நானே எடுத்துடறேன்" என்றார் அண்ணன். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

டீ-ஷர்ட்காரர் வியர்த்துப்போய் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பியதும், வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டேன், தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போனார்கள். கொள்கைக்காக நிற்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். சாகப்போகிற மனுஷனிடம் கொள்கை பேசுகிற கல்நெஞ்சர்கள் என்று திட்டினேன். உண்மையில் அவர்களை நான் உயர்வாக எடைபோட்டிருந்தேன்.

அடுத்த நாள் எங்கள் பங்கு ஃபாதர் நோயில்பூசுதல் கொடுக்க வந்தார். எண்ணெய் பூசி ஜெபம் முடிந்ததும் அண்ணன் அவரையும் விடவில்லை. "ஃபாதர், கப்பல் போய்ச் சேர்ந்துதா?" ஃபாதருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்திரமா போய்ச் சேரும்" என்றார். அவர் போன பிறகு அண்ணன் என்னிடம், "பாவம், ஃபாதர் படிக்காமயே சொல்றார்" என்றார்.

அன்றைக்கே நான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். படித்தவர்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் படித்துவிட்டுப் போகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கினேன். அவ்வளவு மட்டமான புத்தகத்தை நான் படித்ததில்லை. ஆட்களின் பெயரெல்லாம் மாத்திரைப் பெயர் மாதிரி இருந்தது. நாலு பேர் பேசத் தொடங்கினால் அதற்குள் என்ஜின் விளக்கம் வந்துவிடும். ஆறு பாகம் படிக்காதவளுக்கு யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரை ஏன் முறைக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அண்ணன் விழிக்கும்போதெல்லாம் கேட்பேன்.

"அண்ணா, இந்தச் சமையல்காரி யாரு? எல்லாரும் ஏன் இவளைப் பார்த்துப் பயப்படறாங்க?"

அன்றைக்கு என்ன கிழமை என்பது அண்ணனுக்குத் தெரியாது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பதும் தெரியாது. ஆனால் அந்தச் சமையல்காரியின் அம்மா நாலாம் பாகத்தில் விதைப்பெட்டியை எப்படி ஒளித்துவைத்தாள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தூங்குவார். இப்படியே அவர் எனக்கு ஆறு பாகத்தையும் துண்டுதுண்டாகச் சொன்னார். நான் ஏழாம் பாகத்தைப் படித்தேன். எங்கே வரை வந்திருக்கிறாய் என்று கேட்பார். பாதி என்பேன். "முடிச்சப்புறம் சொல்லு, நடுவுல சொல்லாதே" என்பார். எனக்குப் பயமாக இருந்தது. நான் முடிப்பதற்குள் அவர் முடிந்துவிடக் கூடாதே என்று, அந்தப் பாழாய்ப்போன என்ஜின் பக்கங்களையும் விடாமல், வேகமாக வேகமாகப் படித்தேன். விட்டுவிட்டுப் படித்தால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார்.

முடித்த காலையில் அவர் விழித்திருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, கப்பல் போய்ச் சேர்ந்துடுச்சு."

கண்ணை மூடித் திறந்தார். "நல்லபடியா?"

"நல்லபடியா. ஆனா யாரும் இறங்க மாட்டேன்னுட்டாங்க. எல்லாரும் கப்பலுக்குள்ளேயே பிறந்தவங்க இல்லையா? வெளியே எவ்வளவு பெருசா இருக்குன்னு பார்த்துப் பயந்துட்டாங்க. கதவைத் திறந்து வெச்சுட்டு, எல்லாரும் உள்ளேயே நிக்கறாங்க."

"அப்புறம்?"

"அந்தச் சமையல்காரி இருக்காளே, அவ விதைப்பெட்டியை இடுப்புல வெச்சுக்கிட்டு இறங்கிட்டா. கொஞ்ச தூரம் நடந்துபோய், மண்ணைக் கையில எடுத்துப் பார்த்தா. பார்த்துட்டு, திரும்பி நின்னு எல்லாரையும் கூப்பிட்டா."

"யாராவது இறங்கினாங்களா?"

"அதை எழுதல அந்த ஆளு. அவ கூப்பிடறதோட முடிச்சுட்டான்."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கியிருப்பாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ முழுசா படிச்சியா?"

"ஒரு பக்கம் விடல."

"எப்படி இருந்துது?"

"மகா மோசம். முக்கால்வாசி என்ஜின்தான்."

அண்ணன் சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "எனக்கு ஆறாம் பாகத்துலயே தெரியும்" என்றார். "சங்கத்துல சொன்னா ஒத்துக்க மாட்டாங்க." என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. ஆட்கள் வரவில்லை, ஏதோ தொடர் விடுமுறை, ஊரில் யாரும் இல்லையாம். சில ஞாயிறுகள் கழித்து அஞ்சலிக் கூட்டம் வைத்திருக்கிறோம், நீங்கள் வர வேண்டும் என்று குடுமி போன் செய்தார். போகாமல் இருந்திருக்கலாம். அந்த மணியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றுதான் போனேன். மருத்துவமனையில் அண்ணனின் சாமான்களைக் கட்டும்போது, ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று பாட்காஸ்ட் அம்மாள் வந்து எடுத்துப்போயிருந்தார்.

மாடியில் அண்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு முன்னால் ஒரு கோப்பை காபி, பக்கத்தில் அந்த மணி. ஒவ்வொருவராக எழுந்து, அண்ணனுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் யார் யார் என்று பேசினார்கள். அண்ணன் சொன்ன பெயர் எதுவும் அதில் இல்லை; அவரவருக்குப் பிடித்த பெயர்களைத்தான் சொன்னார்கள். கடைசியாகக் குடுமி பேசினார்.

"ஒரு விஷயம் எனக்குப் பெருமையா இருக்கு. சார் அவ்வளவு கேட்டும் நாங்க சொல்லல. கடைசி நிமிஷம்வரைக்கும் முடிவு தெரியாம, சஸ்பென்ஸோடயே போனார். ஒரு நல்ல வாசகனுக்கு இதைவிட நல்ல சாவு என்ன இருக்க முடியும்?"

சிலர் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

"அண்ணனுக்கு முடிவு தெரியும்" என்றேன். "நான் படிச்சுட்டுச் சொன்னேன்."

பாட்காஸ்ட் அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "மேடம்! ஸ்பாயில் பண்ணிட்டீங்களா?"

"ஆமாம். ஏன், நீங்க எல்லாரும் படிச்சதுதானே? கப்பல்..."

அவ்வளவுதான் சொன்னேன். "ஐயோ மேடம், வேணாம்!" என்று ஒரு குரல். "ப்ளீஸ் மேடம், நான் இன்னும் மூணாவது பாகத்துலதான் இருக்கேன்" என்று அலறினார் டீ-ஷர்ட்காரர். சட்டென்று எல்லோருடைய கையும் காதுக்குப் போயிற்று. முன்வரிசை, பின்வரிசை, ஜன்னலோரம் நின்றவர்கள், அத்தனை பேரும். ஒரு மணி நேரம் பாட்காஸ்ட் பேசிய அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். தன் வாழ்நாளின் பத்து நாவல்களில் அதை முதலிடத்தில் வைத்தவர், இரண்டு தரம் படித்தவர், ஒரு காதைத் தோளில் புதைத்துக்கொண்டு, மறு கையால் மணியை எடுக்கத் தாவினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொள்கையும் இல்லை, சட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பேருக்கும் சொல்வதற்கு முடிவே தெரியாது. "நாங்க இன்னும் படிக்கல சார்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அண்ணன் சிரித்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டிருப்பார். அந்த நாலு வார்த்தை வரவில்லை இவர்கள் வாயில். அதற்குப் பதிலாகச் சாகக் கிடந்தவர் தலைமாட்டில் மணி அடித்தார்கள், அவரைக் கெஞ்சவைத்தார்கள்.

குடுமியின் கை மணிக்கு வருவதற்குள் நான் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் என் விரல்களின் மேலேயே தட்டினார். சத்தம் வரவில்லை. வகுப்பில் கடைசிப் பெஞ்சுவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல் என்னுடையது. காதைப் பொத்தினாலும் கேட்கும். மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணன் படத்தின் பக்கம் நின்று, கப்பல் போய்ச் சேர்ந்தது என்று தொடங்கி, கதவு திறந்தது, பயந்து நின்றவர்கள், சமையல்காரி இறங்கியது, அவள் மண்ணை எடுத்துப் பார்த்தது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்தேன். யாராவது இறங்கினார்களா என்று புத்தகத்தில் இல்லை. இறங்கியிருப்பார்கள் என்று என் அண்ணன் சொன்னார், அதையும் சேர்த்துச் சொன்னேன்.